333 மெகாஹெர்ட்ஸில் எது ஓடும், எது திணறும்: ஒரு பழைய பிஎஸ்பி-யைச் சரிசெய்து பார்த்த கதை

சோனியின் கையடக்க கேம் மெஷினான பிஎஸ்பி-யின் ப்ராசஸர் அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதில் 1994-ல் வந்த பிளேஸ்டேஷன் 1-ன் கேம்கள் தடங்கலே இல்லாமல் ஓடுகின்றன. அதற்கு நாலு வருடம் முன்னால், 1990-ல் வந்த சூப்பர் நின்டெண்டோவின் கேம்கள் பல திணறுகின்றன. கணக்குப்படி இது தலைகீழாக இருக்கவேண்டும். பிளேஸ்டேஷன் சிப்பின் வேகம் 33.8 மெகாஹெர்ட்ஸ், சூப்பர் நின்டெண்டோ சிப் எவ்வளவு முயன்றாலும் 3.58-ஐத் தாண்டாது, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. “இந்தக் குட்டி மெஷினில் அந்தக் கன்சோல் ஓடுமா” என்ற கேள்விக்கு மெகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அதைக் கையில் வைத்தே பார்த்துவிடலாம் என்றுதான் ஒரு பழைய பிஎஸ்பி-யைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் இப்போது மலிவாகக் கிடைக்கும் ஆர்36எஸ் என்ற கையடக்க மெஷின் ஒன்றையும் வைத்துக்கொண்டு, ஒரே கேம்களை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன்.

பிஎஸ்பி கிடைத்தது பர்மா பஜார் பக்கம், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் வரிசையில் ஒரு கடையில். 3000 மாடல், கறுப்பு. “ஆன் ஆவுது பாரு சார், பேட்டரி மட்டும் மாத்திக்கோ” என்றார் கடைக்காரர். சார்ஜரில் செருகிக் காட்டினார், ஆன் ஆனது. பிஎஸ்பி-யில் ஒரு வசதி, பேட்டரியே இல்லாவிட்டாலும் 5 வோல்ட் அடாப்டர் இருந்தால் அது ஓடும். அதனால் பழைய பிஎஸ்பி வாங்கும்போது பேட்டரி செத்திருந்தாலும் திரை, பட்டன், டிஸ்க் டிரைவ் எல்லாவற்றையும் கடையிலேயே பார்த்துவிடலாம். செக் பண்ணாமல் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறக்கப் பார்த்தால் வரவில்லை, உள்ளே பேட்டரி உப்பி மூடியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அதன் முனை பேட்டரியைக் குத்தலாம், குத்தினால் புகை வரும், தீயும் பிடிக்கலாம். காலாவதியான ஒரு பிளாஸ்டிக் கார்டை மூடியின் விளிம்பில் மெல்லச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தேன். பேட்டரி ஓரத்தில் பட்டையாக இருக்கவேண்டியது நடுவில் விரல் பருமனுக்குப் புடைத்திருந்தது, மேலே ஒட்டியிருந்த லேபிள் சுருங்கிக் கிடந்தது. அதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்தேன். சென்னை வெயிலில் மொட்டைமாடி ஓரத்தில் இப்படிப்பட்டதைப் போட்டு வைப்பது ஆபத்து. புது பேட்டரி ரிச்சி தெருவில் கிடைத்தது. 2000, 3000 மாடல்களுக்கு சோனி கொடுத்தது 1200 எம்ஏஎச். கடையில் அதே அளவுக்கு அதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அச்சிட்ட பேட்டரிகளும் தொங்கும். அந்த அளவுப் பெட்டிக்குள் அவ்வளவு அடங்காது, 1200 என்று போட்டதையே கேட்டு வாங்குங்கள்.

டி-பேட், அதாவது திசைப் பட்டன், ஒரு பக்கம் மட்டும் பலமாக அமுக்கினால்தான் வேலை செய்தது. கழற்றிப் பார்த்தால் அடியில் உள்ள ரப்பர் விரிப்பில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ரப்பரையும் அதற்குக் கீழே உள்ள தொடுபுள்ளிகளையும் துடைத்ததும் சரியாகிவிட்டது. மெமரி ஸ்டிக்குக்குப் பதிலாக மைக்ரோஎஸ்டி போடும் அடாப்டர் ஒன்று. கார்டைக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்யாமல் பிஎஸ்பி-யின் மெனுவிலிருந்தே செய்வது நல்லது, தேவையான ஃபோல்டர்களை அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

அப்புறம் சாஃப்ட்வேர். மெஷினுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரை ஃபர்ம்வேர் என்பார்கள், அதில் சோனி விட்ட கடைசி அதிகாரப்பூர்வப் பதிப்பு 6.61. அதற்கு அப்டேட் செய்ய பேட்டரி உள்ளே இருந்தே ஆகவேண்டும், வெறும் அடாப்டரில் விடாது. அதன் மேல், எமுலேட்டர் போன்றவற்றை ஓட்டவிடும் ஆர்வலர்களின் ஃபர்ம்வேரான ஆர்க்-4 போட்டேன். இந்த மாடலில் முழுசாக அணைத்து ஆன் செய்தால் ஆர்க்கை மறுபடி ஒருமுறை ஓட்டவேண்டியிருக்கிறது, ஸ்லீப்பில் வைத்தால் வேண்டாம். அதில் முதலில் மாற்றவேண்டியது சிப்பின் வேகம். பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வந்தபோது பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக சோனி கேம்களை 222 மெகாஹெர்ட்ஸில் கட்டிப்போட்டிருந்தது. 2007-ல் வந்த 3.50 ஃபர்ம்வேரில்தான் முழு 333-ஐ கேம்களுக்குத் திறந்துவிட்டது. ஒரு கன்சோலைப் போல இன்னொரு மெஷினை நடிக்க வைக்கும் சாஃப்ட்வேர்தான் எமுலேட்டர்; அதை 222-ல் ஓட்டிப் பார்த்துவிட்டு “பிஎஸ்பி-யில் ஓடாது” என்று தீர்ப்புச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

சோதிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. திரையின் மூலையில் ஓடும் ஃப்ரேம் எண்ணிக்கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எமுலேட்டர் ஃப்ரேம்களை விட்டுவிட்டு வரைந்தாலும் பல நேரம் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், காது பொறுத்துக்கொள்ளாது. வினாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி செகண்ட். அதற்குள் வேலை முடியாவிட்டால் ஒலிக்கான டேட்டா தீர்ந்துபோய் இசையில் கரகரப்பு கேட்கும், இல்லையென்றால் பாட்டே இழுத்துப் பாடும். அதனால் ஃப்ரேம்களை விட்டுவிட்டு வரையும் அந்த ஃப்ரேம் ஸ்கிப்பை முழுக்க அணைத்து, ஹெட்போன் மாட்டி, திரையில் ஆட்கள் நிறைய வரும் இடமாகப் பார்த்து நிறுத்திக் கேட்டேன். பிளேஸ்டேஷன் கேம்கள் என்னிடம் டிஸ்க்காகவே இருப்பவை, நானே இமேஜ், அதாவது டிஸ்க்கின் முழு நகல் கோப்பு, எடுத்தேன்.

முதலில் டெக்கன் 3. வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேம், சண்டை கேம், ஒரு ஃப்ரேம் தவறினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். பிஎஸ்பி-யில் அது ஓடிய விதம் அசல் கன்சோலில் ஓடுவதைப் போலவே இருந்தது. இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, எமுலேட்டரை எழுதியது சோனியே. பாப்ஸ் என்று அழைக்கப்படும் அது ஃபர்ம்வேருக்குள்ளேயே இருக்கிறது. சோனி தன் கடையில் பழைய கேம்களை விற்பதற்காக எழுதியது, இரண்டு மெஷின்களின் உள்விவரமும் அவர்கள் கையில் இருந்தது. இன்னொன்று, பிளேஸ்டேஷன் 1-ல் இருக்கும் ஆர்3000ஏ சிப்பும் பிஎஸ்பி-யின் அலெக்ரெக்ஸ் சிப்பும் ஒரே மிப்ஸ் குடும்பம். பழைய கேமின் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை அதிகம் மாற்றாமலேயே புது சிப்பால் செய்ய முடியும், சென்னைத் தமிழில் சொன்னதை மதுரைக்காரர் புரிந்துகொள்வதைப் போல. வேறு குடும்பத்து சிப்பாக இருந்தால் ஒவ்வொரு கட்டளையையும் பிரித்துப் பொருள் பார்த்து நாலைந்து கட்டளைகளாக மாற்றி எழுதவேண்டும், வேகமெல்லாம் அங்கேதான் போகிறது.

திரையும் தோதாக இருக்கிறது. பிளேஸ்டேஷன் கேம்கள் பல 320-க்கு 240; பிஎஸ்பி திரை 480-க்கு 272. ‘ஒரிஜினல்’ அளவில் வைத்தால் படம் நடுவில் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புள்ளியாகவே விழும், மங்கல் கிடையாது. குறை என்றால் எல்2, ஆர்2 பட்டன்கள் இல்லாதது. அப்புறம் இசை டிஸ்க்கில் ஆடியோ டிராக்காகப் பதிந்திருக்கும் கேம்களை மாற்றும்போது முதல் டிராக்கை மட்டும் எடுத்தால் கேம் ஊமையாகத்தான் ஓடும், எல்லா டிராக்கும் சேர்ந்த இமேஜ் வேண்டும்.

சரி, இப்போது சூப்பர் நின்டெண்டோ. இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் பல சிப்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. நடுவில் 65சி816 வகை ப்ராசஸர். படம் வரைய இரண்டு சிப். ஒலிக்கு எஸ்பிசி700 என்று தனி ப்ராசஸர். அதற்குத் தனி 64 கேபி மெமரி, கடிகாரத் துடிப்புக்குத் தனி செராமிக் ரெசனேட்டர், அதாவது அது நடு ப்ராசஸரின் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதே இல்லை, தன் போக்கில் ஓடுகிறது. இரண்டும் பேசிக்கொள்வது நாலே நாலு பைட் அகலமுள்ள ஒரு வாசல் வழியாக. சில கேம்கள் அந்த வாசலில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு ஒலி சிப்பின் பதிலுக்காகக் காத்து நிற்கும். பதில் வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் கேம் அங்கேயே உறைந்துவிடும். எமுலேட்டர் என்ன செய்யவேண்டும்? நடு ப்ராசஸரைக் கொஞ்சம் ஓட்டி நிறுத்து, ஒலி சிப்பை அதே அளவு ஓட்டி நிறுத்து, படம் வரையும் சிப் எந்த வரியில் இருக்கிறது என்று பார், மறுபடி ஆரம்பி. படத்திலும் இதே கதை. டிவி திரையில் ஒரு வரி வரைந்து முடித்து அடுத்த வரிக்குப் போகும் இடைவெளியில் நிறத்தையும் நகர்வையும் மாற்றிவிடும் வித்தை அந்தக் காலத்து கேம்களில் சர்வசாதாரணம், தண்ணீர் அலைவது, வானம் மேலிருந்து கீழே நிறம் மாறுவது எல்லாம் அப்படித்தான். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் வரைந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இதோடு இன்னொன்று, இது பிஎஸ்பி-க்கே உரிய சங்கடம். 65சி816-ல் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ‘விடை பூஜ்யமா, எதிர்மறையா, மீதி வந்ததா’ என்று சில கொடிகளை ஏற்றி இறக்கி வைக்கும். மிப்ஸ் சிப்பில் அப்படிக் கொடிகள் வைக்கும் இடமே கிடையாது, அதை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். எனவே ஒரு சின்னக் கூட்டலைச் செய்தாலும், கூட்டியதற்கு ஒரு கட்டளை, கொடிகளைத் தனியே கணக்குப் போட்டு மெமரியில் எழுதி வைக்க இன்னும் சில. பிளேஸ்டேஷன் கேமில் லாபமாக இருந்த அதே மிப்ஸ் இங்கே பாரமாகிவிடுகிறது.

இவ்வளவையும் தாண்டி ஸ்நெஸ்9எக்ஸ் டிஒய்எல் என்ற எமுலேட்டர் இந்த மெஷினில் செய்திருக்கும் காரியம் பெரியது. சூப்பர் மாரியோ வேர்ல்ட் முழு வேகத்தை எட்டிவிடுகிறது. ஒளி ஊடுருவும் மேகம், பனிமூட்டம் வரும் இடங்களில்தான் இசை இழுக்க ஆரம்பிக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு நிறங்களைக் கூட்டிப் போடவேண்டிய வேலை அது. அந்த வேலையை பிஎஸ்பி-யின் கிராஃபிக்ஸ் சிப்பிடம் தள்ளிவிடும் ஒரு முறையும் அமைப்பில் இருக்கிறது. வேகம் கூடும், சில கேம்களில் அடுக்குகள் இடம் மாறித் தெரியும். எம்இ என்று முடியும் பதிப்பைத்தான் நான் வைத்திருக்கிறேன். பிஎஸ்பி-க்குள் மீடியா எஞ்சின் என்று இரண்டாவது ப்ராசஸர் ஒன்று இருக்கிறது, சோனி அதை வீடியோ, ஆடியோ டீகோட் செய்ய மட்டும் வைத்திருந்தது. ஆர்வலர்கள் அதை எழுப்பும் வழியைக் கண்டுபிடித்து, ஒலி சிப்பின் வேலை முழுவதையும் அதன் தலையில் வைத்துவிட்டார்கள். சொல்வதற்கு எளிது. இரண்டு ப்ராசஸர்களும் தங்கள் பக்கத்திலேயே வைத்திருக்கும் குட்டி கேஷ் மெமரியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது, ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியவேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கையால் வெளியே தள்ளவேண்டும். சம்பளம் வாங்காமல் இதையெல்லாம் செய்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

யோஷிஸ் ஐலண்ட் மட்டும் நடக்கவில்லை. 1995-ல் வந்த அந்த கேமின் கேட்ரிட்ஜுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்ற கூடுதல் சிப் இருக்கிறது, வேகம் 21 மெகாஹெர்ட்ஸ் அளவில், அதாவது கன்சோலின் சொந்த ப்ராசஸரைப் போல ஆறு மடங்கு. ஏற்கெனவே மூச்சுத் திணறும் எமுலேட்டர் அதையும் சுமக்கவேண்டும். இசை பாதி வேகத்தில் இழுக்கிறது, ஸ்டார் ஃபாக்ஸும் அதே நிலைமை. எந்த அமைப்பை மாற்றினாலும் பெரிய பலன் இல்லை. துல்லியமாகச் செய்யவேண்டும் என்று இறங்கினால் இந்தக் கன்சோல் எவ்வளவு கேட்கும் என்பதற்கு பிஎஸ்நெஸ் எமுலேட்டர் சாட்சி. பிஎஸ்பி வந்த அதே 2004-ல் ஆரம்பித்த திட்டம் அது, எல்லா சிப்களையும் உள்ளபடியே ஒத்திசைத்து ஓட்டுவதுதான் நோக்கம். அதன் முழுத் துல்லிய வடிவம் முழு வேகத்தில் ஓட 3 கிகாஹெர்ட்ஸ் அளவிலான கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. சின்ன மெஷினில் ஓடுபவை எல்லாம் எங்கே துல்லியத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்து எழுதியவை.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா பையன் கேட்டது ஒன்றே ஒன்று. “மாமா, இதுல முஸ்தபா ஓடுமா?” அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வந்த கேம், கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்ற அதன் உண்மைப் பெயர் அவனுக்கும் தெரியாது, தொப்பி போட்ட முஸ்தபாதான் தெரியும். கேப்காம் 1993-ல் ஆர்கேட் கடைகளுக்காக விட்டது, நம் ஊரில் வீடியோ கேம் கடையிலும் ப்ரவுசிங் சென்டரிலும் ஒரு தலைமுறையே அதில் ஊறிக் கிடந்தது. “ஓடும்டா, நல்லாவே ஓடும்” என்றேன். ஆர்கேட் போர்டு என்றதும் பெரிய மெஷின் என்று தோன்றும். உள்ளே இருப்பது மோட்டரோலா 68000, ஒலிக்கு ஒரு இசட்80, படம் அடுக்கடுக்காக வரும் ஸ்ப்ரைட்கள், அதாவது நகரும் சின்னச் சின்னப் படத்துண்டுகள். சிபிஎஸ்1பிஎஸ்பி என்ற எமுலேட்டர் அந்த ஒரு போர்டு வகைக்காக மட்டுமே, இந்த ஒரு மெஷினுக்காக மட்டுமே எழுதப்பட்டது, ஸ்ப்ரைட் வேலை முழுக்க கிராஃபிக்ஸ் சிப்பிடம் போகிறது. படம் 384-க்கு 224, பிஎஸ்பி திரைக்குள் அப்படியே உட்காருகிறது. சூப்பர் நின்டெண்டோ திணறிய மெஷினில் முஸ்தபா முழு வேகத்தில், இசை பிசிறாமல் ஓடியது. பையன் அதற்கப்புறம் மெஷினைத் திருப்பித் தரவில்லை, அன்றைய சோதனை அதோடு முடிந்தது.

கேம்பாய் அட்வான்ஸ் பற்றிச் சுருக்கமாக: 2006-ல் எக்ஸோஃபேஸ் என்பவர் பிஎஸ்பி-க்கென்றே எழுதிய ஜிபிஎஸ்பி இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்யாமல், துண்டுதுண்டாக மிப்ஸ் கட்டளைகளாக மாற்றி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தும் முறை. 1000 மாடல் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்கவேண்டும்: அதில் மெமரி 32 எம்பிதான், பெரிய கேம் கோப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஏறாது, கார்டிலிருந்து துண்டாக எடுக்கும், கார்டு மெதுவானதாக இருந்தால் இடையிடையே நிற்கும். 2000, 3000-ல் 64 எம்பி, அந்தப் பிரச்சினை இல்லை.

நின்டெண்டோ 64-ஐயும் ஓட்டிப் பார்த்தேன். அதன் ப்ராசஸரும் மிப்ஸ்தான், 93.75 மெகாஹெர்ட்ஸ், அப்படியானால் ஓடவேண்டுமே என்று கேட்கலாம். குடும்பம் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது என்று இங்கே தெரிகிறது. அதில் படத்தையும் ஒலியையும் கவனிப்பது ஆர்சிபி என்ற தனி சிப், கேமுக்கு கேம் அதற்குள் ஏற்றப்படும் குட்டி நிரல் மாறும். 1999-ல் அல்ட்ராஎச்எல்இ என்ற எமுலேட்டர் அந்தக் குட்டி நிரலை அப்படியே ஓட்டாமல், ‘இது என்ன செய்ய நினைக்கிறது’ என்று அடையாளம் கண்டு நேரடியாக கம்ப்யூட்டரின் 3டிஎஃப்எக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டிடம் வரையச் சொன்னது. கன்சோல் கடையில் விற்றுக்கொண்டிருந்த நேரத்திலேயே பென்டியம் 2 காலத்துக் கம்ப்யூட்டர்களில் மாரியோ 64 ஓடியது அப்படித்தான். பிஎஸ்பி-யில் ஓடும் நின்டெண்டோ 64 எமுலேட்டரான டெய்டலஸும் அந்த வழிதான். மாரியோ 64 ஆரம்பிக்கிறது, கோட்டை முற்றத்தில் ஓடலாம், வேகம் ஏறி இறங்குகிறது. விளையாட உட்காருகிற அளவுக்கு இல்லை.

இனி ஆர்36எஸ். ஆர்கே3326 சிப், நாலு கார்டெக்ஸ் ஏ35 கோர்கள், 1 ஜிபி மெமரி, 640-க்கு 480 திரை. காகிதத்தில் பிஎஸ்பி-யைவிடப் பல மடங்கு. வாங்கியதும் கூடவே வரும் கார்டை ஓரம் கட்டிவிட்டு நல்ல கார்டில் ஆர்க்ஓஎஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்கள் (பிஎஸ்பி-யில் போட்ட ஆர்க் வேறு). இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே திரை பேனல் வேறு வேறு, அதற்கேற்ற டிடிபி கோப்பு (உள்ளே என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று சாஃப்ட்வேருக்குச் சொல்வது) இல்லாவிட்டால் ஒலி மட்டும் கேட்கும், திரை கறுப்பாகவே இருக்கும். பழைய கார்டின் பூட் பகுதியில் இருக்கும் டிடிபி கோப்பை முதலில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சூப்பர் நின்டெண்டோவின் சாதாரண கேம்கள் எல்லாம் சுத்தமாக ஓடின. யோஷிஸ் ஐலண்ட் மட்டும் இப்போதைய ஸ்நெஸ்9எக்ஸில் பெரிய காட்சிகளில் லேசாகத் தடுமாறியது. ஸ்நெஸ்9எக்ஸ் 2010 என்ற பழைய வடிவத்துக்கு மாற்றியதும் அந்தத் தடுமாற்றம் நின்றுவிட்டது. பழைய வடிவம் வேகமாக ஓடுவதற்குக் காரணம், அது குறைவாகத் துல்லியம் பார்க்கிறது. பிளேஸ்டேஷனுக்கு இதில் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட், ஆர்ம் சிப்புக்கென்றே செதுக்கியது, டெக்கன் 3-க்கு ஒரு குறையும் இல்லை. 320-க்கு 240 படம் இரண்டு மடங்காகி 640-க்கு 480 திரையை ஒரு புள்ளி மிச்சமில்லாமல் நிரப்புவது பார்க்கவே அழகு. நின்டெண்டோ 64-ல் மாரியோ 64, மாரியோ கார்ட் 64 விளையாடலாம், கோல்டன்ஐ கஷ்டம்.

அப்புறம் மெஷினையே மெஷினுக்குள் ஓட்டிப் பார்த்தேன், ஆர்36எஸ்-ல் பிபிஎஸ்எஸ்பிபி என்ற பிஎஸ்பி எமுலேட்டரைப் போட்டு பிஎஸ்பி கேம்கள். 2டி கேம்கள் ஓடுகின்றன. காட் ஆஃப் வார் போன்றவை படுத்துவிடுகின்றன. நாலு கோர், ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் வேகம், 333 மெகாஹெர்ட்ஸ் மெஷினின் கேமுக்குப் போதவில்லை. கோர் நாலு இருந்தாலும் எமுலேட்டரின் பாரம் பெரும்பாலும் ஒன்றிரண்டின் மேல்தான் விழுகிறது, ஏ35 மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் செய்த எளிய கோர், கிராஃபிக்ஸ் சிப்பும் அடிமட்டத்து மாலி ஜி31.

யாராவது என்னிடம் ஒரு மெஷினைக் காட்டி அந்தக் கன்சோல் இதில் ஓடுமா என்று கேட்டால் இப்போது நான் திருப்பிக் கேட்பவை இவைதான்: இரண்டு சிப்பும் எவ்வளவு நெருக்கம், பழைய பெட்டிக்குள் எத்தனை சிப்கள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கின்றன, இந்த மெஷினை மனதில் வைத்து யாராவது எமுலேட்டர் எழுதினார்களா. மூன்றாவதற்கு ஆமாம் என்றால் முதல் இரண்டையும் பாதி சமாளித்துவிடலாம்.

இப்போதைக்கு பிஎஸ்பி-யில் பிளேஸ்டேஷன் 1, கேம்பாய் அட்வான்ஸ், முஸ்தபா வகையறா மட்டும் வைத்திருக்கிறேன், எல்லாம் 333-ல். தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெயிலில் திரை தெரியாது, உள்பக்கம் உட்காரவேண்டும். சூப்பர் நின்டெண்டோ முழுவதும் ஆர்36எஸ்-க்குப் போய்விட்டது. அக்கா பையன் இரண்டையும் கேட்கிறான்; அவனுக்கு ஆர்36எஸ், பேட்டரிக்கு அவனே பொறுப்பு என்று பேசி முடித்திருக்கிறோம்.